அபராதத் தொகையை எந்த அறையில் முடிவு செய்கிறார்கள்?

(‘ஊராட்சி மன்றங்களின் அபராதம்: போதாதா, அதிகமா?’ எனும் தலைப்பிலான தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



முதலில் பேசிய நண்பர் அபராதத்தைக் கூட்ட வேண்டும் என்றார். குப்பை போடுகிறவனுக்கும் ஐந்தடியை மறித்துக் கடை விரிக்கிறவனுக்கும் பயம் விட்டுப்போயிற்று என்பது அவர் வாதம். அடுத்துப் பேசிய அம்மையார் குறைக்க வேண்டும் என்றார். சிறு வியாபாரிகளின் வயிற்றில் அடிக்கிறார்கள் என்பது அவர் வாதம். இருவரும் நன்றாகவே பேசினார்கள். இருவருக்கும் அரங்கில் கைதட்டலும் கிடைத்தது. ஆனால் கூட்டுவதும் குறைப்பதும் யார் கையில் இருக்கிறது, அந்தத் தொகையை எந்த அறையில், யார் உட்கார்ந்து, யாரைக் கேட்டு முடிவு செய்கிறார்கள் என்பதை இருவருமே தொடவில்லை. எனக்குக் கொடுக்கப்பட்ட நேரத்தை அதற்கே செலவிட விரும்புகிறேன்.

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் பூ வியாபாரம் செய்கிறார். எந்த ஊர், எந்த மன்றத்தின் எல்லை என்பதை இங்கே சொல்லப் போவதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் அமலாக்க அதிகாரிகள் வந்தார்கள். உரிமத்தில் எழுதியிருந்த அளவைவிட மேசை வெளியே நீண்டிருந்தது என்று கம்பவுண்ட் எழுதிக் கொடுத்தார்கள். அது மலாயில் இருந்தது. அக்கா அதை என்னிடம் கொண்டுவந்து, “தம்பி, இதுல எவ்வளவு போட்டிருக்காங்கன்னு தெரியுது. எதுக்கு இவ்வளவுன்னு எங்கேயும் போடலையே?” என்று கேட்டார். மேசை நீண்டிருந்ததை அவர் மறுக்கவில்லை. தொகைக்கான கணக்கைத்தான் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்விதான் என்னைச் சட்டப் புத்தகத்தைத் தேடிப் படிக்க வைத்தது.

நாட்டின் மேற்குக் கரையில் நமக்குப் பழக்கமான ஊராட்சி மன்றங்கள் எல்லாம் 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்கீழ் இயங்குகின்றன. சட்டம் 171 என்பார்கள். அதன் 119ஆவது பிரிவு, ஊராட்சி மன்றம் இயற்றும் துணைச் சட்டத்தை ஒருவர் மீறினால் என்ன தண்டனை விதிக்கலாம் என்பதற்கு ஓர் உச்ச வரம்பைப் போடுகிறது. 2,000 வெள்ளிக்கு மேற்போகாத அபராதம், அல்லது ஓராண்டுக்கு மேற்போகாத சிறை, அல்லது இரண்டும். குற்றவாளி எனத் தீர்ப்பான பிறகும் அதே தவற்றைத் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 200 வெள்ளிவரை. இது நீதிமன்றம் விதிக்கக்கூடிய தண்டனை.

கம்பவுண்ட் என்பது வேறு. பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். கம்பவுண்ட் தாளைப் பெற்றவர் குற்றவாளி ஆகிவிடவில்லை. ‘இந்தத் தொகையைச் செலுத்திவிடுங்கள், நாங்கள் உங்களை நீதிமன்றத்திற்குக் கொண்டு போகவில்லை’ என்று மன்றம் நம்மிடம் சொல்லும் சமரச ஏற்பாடு அது. செலுத்தினால் விவகாரம் முடிந்தது. நான் தவறு செய்யவில்லை என்று நம்புகிறவர் செலுத்தாமல் நீதிமன்றத்தில் வழக்காடலாம். பூ வியாபாரி அக்கா வழக்காடுவாரா? ஒரு நாள் கடையைப் பூட்டிக்கொண்டு நீதிமன்றப் படியேறினால் அன்றைய வருமானம் போயிற்று. வழக்கறிஞருக்குக் கொடுக்கும் பணத்தில் கம்பவுண்டை இரண்டு மூன்று தடவை கட்டிவிடலாம். ஆகவே சட்டம் கொடுத்திருக்கும் உரிமை அவருக்குத் தாளில் மட்டும்தான் இருக்கிறது.

மூன்றாவது படி ஒன்று உண்டு. அது எந்தப் பிரிவிலும் முக்கியமாகப் பேசப்படாதது, ஆனால் நம் மக்களுக்கு மிகவும் பழக்கமானது. அதுதான் தள்ளுபடி. மெர்டேக்கா மாதம், ஆண்டு இறுதி, மன்றத்தின் ஏதோ ஒரு கொண்டாட்டம் என்று அவ்வப்போது கம்பவுண்டுக்குக் கழிவு அறிவிப்பார்கள். முகப்பிடத்தில் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். பத்திரிகையில் படமும் வரும். இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். கம்பவுண்ட் கிடைத்த மறுநாளே போய் ஒழுங்காகக் கட்டியவர் முழுத் தொகையைக் கட்டியிருப்பார். ஆறு மாதம் அலமாரியில் போட்டு வைத்தவர் பாதியைக் கட்டுகிறார். யாருக்கு இது பாடம் கற்பிக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

சரி, அந்த 2,000 வெள்ளிக்கு வருவோம். 1976இல் அது பெரிய தொகை. தோட்டத்தில் நாள் கூலிக்கு வேலை செய்த நம் பெற்றோர் பல மாதம் உழைத்தாலும் கையில் சேராத பணம். 2025ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. அதை வாங்குகிற தொழிலாளிக்கு 2,000 வெள்ளி இன்றும் ஒரு மாதச் சம்பளத்திற்கு மேல்தான். ஆனால் பெரிய பேரங்காடிக்கோ, வீடமைப்பு நிறுவனத்திற்கோ அது ஒரு மதிய விருந்துச் செலவு. கூட்ட வேண்டும் என்பவரும் குறைக்க வேண்டும் என்பவரும் ஒரே நேரத்தில் சரியாகப் பேசுவது இதனால்தான். ஒரே எண்ணை வைத்துக்கொண்டு இருவரையும் தண்டிக்கப் பார்க்கிறோம்.

இதற்கு நம் கிள்ளானிலேயே மறக்க முடியாத ஒரு சம்பவம் உண்டு. 2006ஆம் ஆண்டு அக்டோபரில் நாடே பேசியது. போர்ட் கிள்ளான் சட்டமன்ற உறுப்பினராகவும் அதே வேளையில் அப்போதைய கிள்ளான் நகராண்மைக் கழக உறுப்பினராகவும் இருந்த ஜக்காரியா முகமட் டெரோஸ், பண்டமாரானில் 16 அறைகள் கொண்ட நான்கு மாடி மாளிகையைக் கட்டி எழுப்பிக்கொண்டிருந்தார். அதைச் சுற்றி இருந்தவை எளியவர்களின் வீடுகள். அந்த மாளிகைக்குக் கட்டட வரைபடம் நகராண்மைக் கழகத்தில் சமர்ப்பிக்கப்பட்டு அனுமதி பெறப்படவில்லை என்பது வெளியே வந்தது. அவர் பல ஆண்டுகளாக வீட்டு வரி கட்டாமல் இருந்ததும் கூடவே வெளியே வந்தது. நகராண்மைக் கழகம் அவருக்கு 24,000 வெள்ளி அபராதம் விதித்தது. அவரும் செலுத்தினார். எதிர்ப்பு வலுக்கவே கழக உறுப்பினர் பதவியிலிருந்து விலகினார். 2008 மார்ச்சில் காலமாகிவிட்டார். மறைந்தவரைத் தூற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை.

அனுமதியின்றிக் கட்டடம் எழுப்புவது 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்கீழ் வருவது. அதனால்தான் தொகை 2,000 வெள்ளியைத் தாண்டியது. இருந்தாலும் அந்த மாளிகையின் பக்கத்தில் 24,000 வெள்ளியை வைத்துப் பாருங்கள். அது அபராதமா, அல்லது காலங்கடந்து கட்டிய கட்டணமா? அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. வரைபடத்தை அங்கீகரிக்கிற, வீட்டு வரியை வசூலிக்கிற, துணைச் சட்டத்தை இயற்றுகிற கழகத்தில் அவரே ஓர் உறுப்பினர். சட்டம் தெரியாது என்று பூ வியாபாரி அக்கா சொல்லலாம். அவர் சொல்ல முடியாது. கிள்ளான் மக்கள் அந்த உறுப்பினரை ஓட்டுப் போட்டுக் கழகத்திற்கு அனுப்பவில்லை. எனவே ஓட்டுப் போட்டு அவரைக் கழகத்திலிருந்து வெளியேற்றும் வழியும் அவர்களுக்கு இருக்கவில்லை.

அபராதத்தைவிடப் பெரிய தண்டனை ஒன்று இதே சட்டத்தில் இருக்கிறது. வியாபாரிகளைக் கேட்டால் அதைத்தான் முதலில் சொல்வார்கள். 107ஆவது பிரிவு. ஊராட்சி மன்றம் கொடுத்த உரிமத்தை எந்த நேரத்திலும், எந்தக் காரணமும் கூறாமல் இரத்து செய்யலாம். புதுப்பிக்க மறுக்கும்போதும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இரத்து செய்ததால் நட்டம் ஏற்பட்டது என்று இழப்பீடும் கேட்க முடியாது. 2,000 வெள்ளிக்கு வரம்பு கட்டிய அதே சட்டம், ஒரு குடும்பத்தின் பிழைப்பை நிறுத்துவதற்கு வரம்பு கட்டவில்லை. பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் வரிசையாக இருக்கிற பூக்கடை, பலகாரக்கடை, பாத்திரக்கடைக்காரர்கள் அதிகாரியிடம் குரல் உயர்த்திப் பேசத் தயங்குவது கம்பவுண்டுக்குப் பயந்து அல்ல. அடுத்த முறை உரிமத்தைப் புதுப்பிக்கப் போகும் நாளை நினைத்துத்தான். அங்காடி வியாபாரிகளின் பொருள்களைப் பறிமுதல் செய்வதும் இப்படித்தான். இரும்பு மேசையைப் பணம் கட்டித் திரும்ப எடுத்துவிடலாம். மல்லிகையை எடுக்க முடியுமா?

கோயில்களைப் பற்றி ஏன் பேசவில்லை என்று அரங்கில் ஒரு பெரியவர் முகத்திலேயே கேட்கிறார். 2007இல் பாடாங் ஜாவாவில் நடந்ததை யாரும் மறக்கவில்லை. ஆனால் அது நிலம் சம்பந்தப்பட்டது, தனி அரங்கம் வேண்டும். இன்று அபராதத்தோடு நிற்கிறேன்.

இப்போது கேட்போம், இந்தத் தொகைகளை முடிவு செய்யும் அறை எது? கோலாலம்பூரைப் பொறுத்தவரை எனக்குக் கிடைத்த விடை சிலருக்கு வியப்பாக இருக்கும். ‘மாநகர் மன்றம்’ என்று நாம் வாய் நிறையச் சொல்கிறோம். ஆனால் கவுன்சிலர்கள் வட்டமாக உட்கார்ந்து விவாதித்துக் கையுயர்த்தி முடிவெடுக்கிற மன்றம் என்று ஒன்று தலைநகரில் இல்லை. சட்டத்தின் பார்வையில் அங்கே மன்றம் என்பது டத்தோ பண்டார் என்ற ஒரே ஒரு பதவிதான். அவருக்கு ஓர் ஆலோசனை வாரியம் உண்டு. துணைச் சட்டத்திற்கு அமைச்சரின் ஒப்புதல் தேவை. மற்றபடி கோலாலம்பூர்வாசி வீட்டு வரி கட்டுகிறார், ஆனால் அவருக்குக் கவுன்சிலரும் இல்லை, சட்டமன்ற உறுப்பினரும் இல்லை. 11 நாடாளுமன்ற உறுப்பினர்களில் தம் தொகுதிக்காரர் ஒருவர் மட்டுமே இருக்கிறார்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரில் நகராண்மைத் தேர்தல் நடந்தது. அம்னோவும் ம.சீ.ச.வும் முதன்முதலாகக் கைகோத்து 12 இடங்களில் 9 இடங்களைப் பிடித்த தேர்தல் அது. பிற்காலக் கூட்டணி அரசியலின் வித்தே ஒரு நகராண்மைத் தேர்தலில்தான் ஊன்றப்பட்டது. பினாங்கில் ஜார்ஜ் டவுன் மாநகரின் முதல் மேயர் 1957இல் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி.எஸ். ராமநாதன். அங்கே அவர் பெயரில் இன்றும் ஒரு சாலை இருக்கிறது. மேயராக ஒரு தமிழர் வந்தார் என்று பெருமைப்படுகிறோம், சரி. அவர் தேர்தல் வழியாக மன்றத்திற்குள் வந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1960ஆம் ஆண்டுக் கூட்டரசுத் தலைநகர்ச் சட்டம் வந்தது, கோலாலம்பூரில் தேர்தல் நின்றது. 1965இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி மற்ற ஊர்களிலும் தேர்தல் ஒத்திவைக்கப்பட்டது. அதே ஆண்டில் ஊராட்சி மன்றங்கள் எப்படி நடக்கின்றன என்று ஆராய அரச விசாரணை ஆணையம் ஒன்றை அமைத்தார்கள். அதற்குத் தலைமை ஏற்றவர் செனட்டர் ஆதி நாகப்பன். ம.இ.கா.வின் முன்னணித் தலைவர், சட்டம் படித்தவர், பின்னாளில் துணையமைச்சர். நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகி அம்மையாரின் கணவர் என்றால் மூத்த நேயர்களுக்கு உடனே விளங்கும். தேர்தலை நிறுத்திய அரசு, சில மன்றங்களில் நிர்வாகச் சீர்கேடு என்று குறை சொன்ன வேளை அது. ஆணையம் ஊர் ஊராக விசாரித்து 1968இல் அறிக்கை கொடுத்தது. மன்ற உறுப்பினர்களை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரை. சீர்கேடு இருந்தால் திருத்துங்கள், தேர்தலை எடுத்துவிடாதீர்கள் என்பதே அதன் சாரம்.

அரசு அதை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அபராத உச்ச வரம்பைச் சொல்கிற அதே சட்டம்தான். அந்த ஆண்டுதான் ஆதி நாகப்பனும் காலமானார். அவர் பெயரில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் சாலை இருக்கிறது. அந்த வழியாகப் போகிற நம்மவர் எத்தனை பேர் அவர் எழுதிய அறிக்கையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம்? பிறகு பினாங்கு மாநிலம் 2012இல் சட்டம் இயற்றி ஊராட்சித் தேர்தலைத் திரும்பக் கொண்டுவர முயன்றது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அது செல்லாது என்று கூறிவிட்டது.

விவாதிக்க மன்றம் இல்லாத ஊரில் என்ன நடக்கும் என்பதற்குக் கோலாலம்பூரிலேயே சான்று உண்டு. 2014 ஜூலையில் அன்றைய கூட்டரசுப் பிரதேச அமைச்சர் தெங்கு அட்னான், புக்கிட் பிந்தாங்கில் லாட் 10 பேரங்காடியைச் சுற்றி 2 கிலோமீட்டருக்குள் வீடற்றோருக்கு உணவு வழங்கக் கூடாது என்றார். பிச்சை போடுகிறவருக்கும் அபராதம் என்றார். உணவு கொடுத்தால் அபராதமா என்று மக்கள் கொதித்தார்கள். அரசு இறங்கி வந்தது. ஒரு மன்றத்தில் அந்த யோசனை முன்வைக்கப்பட்டிருந்தால், அந்த வட்டாரக் கவுன்சிலர் ஒருவர் எழுந்து “ஐயா, என் பகுதியில் யார் சாப்பாடு கொடுக்கிறார்கள் தெரியுமா?” என்று அங்கேயே கேட்டிருப்பார். பத்திரிகை, கண்டனம், பின்வாங்கல் என்று இத்தனை தூரம் போயிருக்க வேண்டியதில்லை.

2024 நவம்பரில் கோலாலம்பூர் கடைப் பலகைகள் பற்றி எழுந்த சர்ச்சையும் நினைவிருக்கும். பிரிக்பீல்ட்ஸில் சிலர் தமிழ்ப் பலகையைக் கழற்றிவிட வேண்டுமோ என்று பயந்து என்னிடம் கேட்டார்கள். 1982ஆம் ஆண்டு விளம்பரத் துணைச் சட்டம் கேட்பது தேசிய மொழி பலகையில் இருக்க வேண்டும், முதன்மையாக, தெளிவாக இருக்க வேண்டும் என்பதைத்தான். தமிழ் கூடாது என்று அது சொல்லவில்லை. இதிலும் உச்ச அபராதம் அதே 2,000 வெள்ளி. விதியை யாரும் நமக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லாததால் பயம் விதியைவிடப் பெரிதாகிவிட்டது.

கிள்ளானுக்குப் போவோம். 2024 பிப்ரவரி 5 முதல் அது அரச மாநகர். அங்கே உண்மையில் ஒரு மன்றம் இருக்கிறது. சிலாங்கூரில் மேயர் அல்லது தலைவருடன் 24 உறுப்பினர்கள்வரை மாநில அரசு நியமிக்கிறது. மாதந்தோறும் முழுக் கூட்டம் நடக்கிறது. சட்டத்தின் 23ஆவது பிரிவைக் கேளுங்கள். மன்றக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்திருக்க வேண்டும், மன்றம் தீர்மானம் போட்டு மூடினாலொழிய. செயற்குழுக் கூட்டங்களுக்கு இது பொருந்தாது. ஆனால் முழுக் கூட்டத்திற்கு நீங்களும் நானும் போய் உட்காரலாம். தேர்தல் போன பிறகும் இந்தக் கதவை அவர்கள் சாத்தவில்லை.

நான் ஒருமுறை போனேன். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு மன்றம், பெயர் வேண்டாம். நுழைவாயிலில் இருந்த காவலர், “வரி கட்டவா, கம்பவுண்ட் கட்டவா?” என்று கேட்டார். கூட்டம் பார்க்க வந்தேன் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. முகப்பிடத்துக்கு அனுப்பினார். அங்கிருந்த பெண் மேலதிகாரிக்குத் தொலைபேசி செய்தார். அவர் இன்னொருவருக்குச் செய்தார். முக்கால் மணி நேரம் கழித்து உள்ளே விட்டார்கள். பார்வையாளர் பகுதியில் ஏறக்குறைய முப்பது நாற்காலிகள். நான் ஒருவன்தான். மரியாதையாகத்தான் நடத்தினார்கள், தேநீரும் கொடுத்தார்கள். அதை மறைக்கக் கூடாது.

அன்றைய நிகழ்ச்சி நிரலில் அங்காடி வியாபாரிகள் சம்பந்தப்பட்ட ஒரு கம்பவுண்ட் தொகையை உயர்த்தும் யோசனை இருந்தது. அதிகாரி ஒருவர் வாசித்தார். ஓர் உறுப்பினர் எழுந்து, “இந்தத் தொகை எப்படி வந்தது?” என்று கேட்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பூ வியாபாரி அக்கா கேட்ட அதே கேள்வி! அதிகாரி சொன்ன பதில்: “பக்கத்து மன்றங்களிலும் இவ்வளவுதான்.” கேட்டவர் தலையசைத்து உட்கார்ந்தார். யோசனை நிறைவேறியது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன், நான்கு நிமிடம். எத்தனை வியாபாரிகள் பாதிக்கப்படுவார்கள், கடந்த ஆண்டு எத்தனை கம்பவுண்ட் கொடுத்தோம், அதில் எத்தனை தள்ளுபடிக்குப் பிறகு வசூலானது, பழைய தொகையால் என்ன பயன் கண்டோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்து மன்றத்தில் எப்படி அந்தத் தொகை வந்தது என்று போய்க் கேட்டால் அவர்கள் இந்த மன்றத்தைக் காட்டுவார்கள் என்று நினைக்கிறேன்.

கேட்காத உறுப்பினர்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பார்வையாளர் பகுதியில் முப்பது நாற்காலியிலும் அங்காடி வியாபாரிகள் உட்கார்ந்திருந்தால் அந்தக் கேள்வி ஒரே பதிலோடு உட்கார்ந்திருக்குமா?

இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நம் வீட்டு வரியின் மதிப்பீட்டை ஊராட்சி மன்றம் மாற்ற நினைத்தால் சட்டம் சும்மா விடுவதில்லை. அறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஆட்சேபம் தெரிவிக்க 142ஆவது பிரிவில் நமக்கு உரிமை உண்டு. நம் வீட்டுப் பக்கத்தில் அடுக்குமாடி எழுப்பும் விவகாரங்களிலும் அண்டை வீட்டார் கருத்தைக் கேட்கும் விதி உண்டு. அந்த விதியைப் பிடித்துக்கொண்டுதான் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பாளர்கள் ரிம்பா கியாரா பூங்காவுக்காக ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்கள். 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் வரை சென்று டத்தோ பண்டாருக்கு எதிராக வென்றார்கள். ஆதி நாகப்பன் சாலை இருக்கிற அதே தாமான்தான், தற்செயலாக.

துணைச் சட்டத்திற்கு? 103ஆவது பிரிவு கேட்பதெல்லாம் மாநில அரசின் ஒப்புதலும் அரசிதழில் வெளியீடும்தான். வீட்டு வரியை உயர்த்தினால் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். அபராதத்தை உயர்த்தினால் அபராதம் கட்டப் போகிறவரைக் கேட்க வேண்டியதில்லை. வீடு உள்ளவருக்குக் கொடுத்த மரியாதையை மேசை மட்டும் உள்ளவருக்கும் கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. துணைச் சட்டத்தில் தண்டனைத் தொகையை மாற்றுவதற்கு முன் முப்பது நாள் பொது அறிவிப்பு, அது தமிழ் உட்பட அந்த வட்டாரத்தில் புழங்கும் மொழிகளில், பாதிக்கப்படுவோர் கருத்துச் சொல்ல ஒரு நாள். இதற்குத் தேர்தலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மன்றம் மனம் வைத்தால் அடுத்த மாதமே வழக்கமாக்கிக்கொள்ளலாம், சட்டம் தடுக்கவில்லை.

புதிதாக வந்திருக்கும் சமூகச் சேவைத் தண்டனையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2025இல் நாடாளுமன்றம் சட்டங்களைத் திருத்தியது. 2026 ஜனவரி 1 முதல் குப்பை வீசிக் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்படுபவருக்கு 2,000 வெள்ளிவரை அபராதத்தோடு, 12 மணி நேரம்வரை பொது இடத்தைத் துப்புரவு செய்யவும் நீதிமன்றம் உத்தரவிடலாம். சிங்கப்பூரில் 1992 முதலே இருக்கும் முறை. எனக்கு இதில் ஓரளவு உடன்பாடு உண்டு. 2,000 வெள்ளி ஆளுக்கு ஆள் கனம் மாறும். துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு சாலையில் நிற்கும் 12 மணி நேரம் பென்ஸ் காரில் வந்தவருக்கும் 12 மணி நேரம்தான். நாள் கூலிக்காரருக்கு அந்த நேரத்தில் கூலியும் போகும் என்பது உண்மை, விடுமுறை நாளில் செய்ய விட வேண்டும். ஒன்று மட்டும் உறுத்துகிறது. சாலை துப்புரவு என்பது நம் முன்னோர் பலர் மானத்தோடு செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்த வேலை. அதை அவமானச் சின்னமாகப் படம் பிடித்துப் போடுவதை மன்றங்கள் தவிர்க்கலாம்.

நேரம் முடிகிறது என்று தலைவர் மணியைத் தொடுகிறார். பூ வியாபாரி அக்கா என்ன ஆனார் என்று சொல்லிவிடுகிறேன். கம்பவுண்டைக் கட்டிவிட்டார், தள்ளுபடி மாதத்துக்குக் காத்திருக்கவில்லை. மேசையையும் வெட்டிச் சிறிதாக்கிக்கொண்டார். போன வாரம் கோயிலுக்குப் போகும் வழியில் அவரிடம் 23ஆவது பிரிவைச் சொன்னேன். “நான் போனா உள்ளே விடுவாங்களா தம்பி?” என்று கேட்டார். விட வேண்டும், சட்டம் இருக்கிறது என்றேன். “அப்போ கூட்டம் எந்தக் கிழமை?” என்றார். விசாரித்துச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். இந்நிகழ்ச்சி முடிந்ததும் நான் செய்யப் போகிற முதல் தொலைபேசி அழைப்பு அதுதான்.